நந்திதுர்க் ஃப்ரெடிக்கு, முதுகைக் காட்டியவன் எழுதுவது

ஸ்கெலட்டன், கே.ஜி.எஃப்.
நவம்பர் 27, வியாழன்

தேவகிருபையால் நந்திதுர்க்கில் மனைவி ஷைலா, கைக்குழந்தை, தாயார் ஐடா அத்தை சகிதம் சுகமாயிருக்கும் அன்புள்ள அத்தை மகன் ஃப்ரெடிக்கு, மாமன் மகன் லாய்ட் மிகுந்த தாழ்மையோடும் அதைவிட மிகுந்த வெட்கத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் பழையபடியே. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடந்தால் இருபத்தைந்து நிமிஷம்தான். இருந்தாலும் உன் வாசலில் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை. போன் செய்தால் பத்தொன்பது நாளாக ஸ்விட்ச் ஆஃப். வாட்ஸப்பில் ஒற்றை டிக். நீ என்னை ஒதுக்கிவிட்டாய் என்று புரிந்துகொண்டேன். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒதுக்குவதோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

நீ எல்லாம் பார்த்துவிட்டாய், ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டியது என் கடமை. பெங்களூரில் நான் வேலை செய்யும் குடோனில் ரவிகுமார் என்று ஒருவன். ஆதார் கார்டில்தான் ரவிகுமார், மற்ற நேரத்தில் 'க்ரிம்'. இடுப்பு வரை முடி, அப்பா ரிட்டயர்டு இன்ஜினியர், ஜெயநகரில் சொந்த வீடு. அவனும் அவன் ஆட்கள் பதினோரு பேரும் அசல் ஹெவி மெட்டல் பாட்டு ரசிகர்கள், மண்டையோடு, எலும்புக்கூடு என்றால் உயிர். நான் சேர்ந்த முதல் வாரம் ஊர் எது என்று கேட்டான். ஸ்கெலட்டன் என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "நிஜமாவா? பொறந்ததே ஸ்கெலட்டன்லயா?" என்றான். வாழ்க்கையில் முதல்முறையாக என் விலாசத்துக்கு ஒருத்தன் மரியாதை கொடுத்தான் மச்சான். இந்த ஊர் பேரைச் சொன்னால் வீடு வாடகைக்குக் கொடுக்க மாட்டான், 'ஓ, அந்த ரெண்டாயிரத்து ஒண்ணுல மைன்ஸ் மூடின ஊரா' என்று பரிதாபப்படுவான், இல்லையென்றால் ரவுடியா என்று பார்ப்பான். இவன் ஒருத்தன்தான் பொறாமைப்பட்டான், அதையே பேராக்கி என்னை 'ஸ்கெலட்டன்' என்று கூப்பிட்டான். அதில் விழுந்துவிட்டேன். அன்றிலிருந்து நாலு வருஷம் அவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதையே கேட்டேன், எதைத் திட்டுகிறார்களோ அதையே திட்டினேன். அவர்கள் அதிகம் திட்டியது நு-மெட்டலை. கிட்டார் சோலோ இல்லை, ரெண்டு விரலில் வாசிக்கிறான், நடுவில் ராப் பாடுகிறான், தொப்பி போட்டவன் ரெக்கார்டைத் தேய்க்கிறான், கோடி கோடியாக விற்கிறான், அதனால் அது மெட்டலே இல்லை. "அப்பா அடிச்சிட்டாருன்னு அழுவுறவன் பாட்டு" என்று க்ரிம் சொல்வான், நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன். நான் முதலில் கேட்டது எந்தப் பாட்டு என்று அவர்களுக்குத் தெரியாதே.

உனக்குத் தெரியும். எனக்குப் பதினோரு வயசு, உனக்குப் பதினாலு. ராபர்ட்சன்பேட்டையில் முப்பது ரூபாய்க்குத் திருட்டு நு-மெட்டல் சிடி வாங்கிவந்து உங்க வீட்டு ரூமில் போட்டாய். "இன்னா மச்சான் இது, கத்திகினே கீறான்?" என்று கேட்டேன். "உனக்கு உள்ள இன்னா கீதோ அதத்தான் அவன் இங்கிலீஷ்ல கத்துறான், சும்மா கேளு" என்றாய். வெளியே நாற்பத்தைந்து வயசு ஆம்பளைகள் எல்லாம் வேலை போய்ப் பட்டப்பகலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். எங்க அப்பா ஏசுபாதம் மைன்ஸ் தூசு நெஞ்சில் ஏறி அப்பவே இருமிக்கொண்டிருந்தார். அந்தக் கத்தலைக் கேட்டு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. இதை நான் க்ரிம்மிடம் சொன்னதே இல்லை.

இப்போது எட்டாம் தேதிக்கு வருகிறேன். "சனிக்கிழமை பெங்களூர்ல எங்க ராக்பர்ஸ்ட் பேண்டுக்குப் போட்டி, புதுப் பாட்டு ஒண்ணு கீது, நீ அவசியம் வரணும்டா" என்று நாம் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ரயிலில் சொன்னாய். பேண்டுக்கு அந்தப் பேரை வைத்த அன்று ஐடா அத்தை "மைன்ஸ்ல பாறை வெடிச்சி வீடெல்லாம் ஆடினது போதாதாடா" என்று திட்டினதும் ஞாபகம் இருக்கு. எனக்கு ஷிஃப்ட் என்று சொல்லிட்டேன். பொய். அதே போட்டியில் கடைசியாக வாசிக்கிற பேண்டைப் பார்க்க க்ரிம் கூட்டம் கிளம்பியது, என்னையும் இழுத்தது. உன் முறை முடிந்தபிறகு போய்ச் சேரலாம் என்று கக்கூஸ் போறேன், ஹெல்மெட்டைக் காணோம், வயிறு சரியில்லை என்று என்னென்னவோ சொல்லி ஒரு மணி நேரம் இழுத்தேன். போட்டி அதைவிட லேட்டு. நாங்க உள்ள நுழையவும் நீங்க மேடை ஏறவும் சரியா இருந்தது. தூணுக்குப் பின்னால ஒதுங்கினேன். க்ரிம் விடல. "ஸ்கெலட்டன் முன்னாடி நிக்கணும்" என்று முதல் வரிசையில கொண்டுபோய் நிறுத்திட்டான். காரணம் நான் போட்டிருந்த சட்டை.

என்கிட்ட இருக்கிறதே ஒரே ஒரு கறுப்பு டீஷர்ட், நம்ம கேரல் குழு டீஷர்ட். கிறிஸ்துமஸுக்குக் கறுப்பா என்று நம்ம சர்ச் ஐயர் முகம் சுளித்தபோது குழுவை நடத்துகிற பர்னபாஸ் அண்ணன் "கறுப்புல அழுக்கு தெரியாதுங்க, பத்து ராத்திரி போடணும்" என்று சொல்லி வாங்கின சட்டை. முன்பக்கம் ஒரு மண்டையோட்டு ஸ்டிக்கரை இஸ்திரி போட்டு ஒட்டிக்கினேன். பின்பக்கம் கரோலின் அக்கா டிசைன் அப்படியே கீது. மேலே இங்கிலீஷில் பெரிசாக ஸ்கெலட்டன், கீழே தமிழில் 'கேரல் குழு', அதுக்கும் கீழே அவரவர் பேர், வாத்தியம். அந்தப் பசங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மெட்டல் பேண்டுங்க பேரை யாருமே படிக்க முடியாதபடிதான் எழுதுவாங்க, அதனால அவங்களுக்குச் சந்தேகமே வரல. ஏதோ பயங்கரமான தமிழ் பேண்டுன்னு நாலு வருஷமா நினைச்சிகினு கீறாங்க.

நீ ரெண்டாவது பாட்டு ஆரம்பிச்ச. நடுவுல கிட்டார் அடங்கிச்சி, நீ நம்ம பாஷையில ராப் பாட ஆரம்பிச்ச. க்ரிம் கையைத் தூக்கி "பென்னு தோர்ஸ்ரோ", முதுகைக் காட்டுங்கடான்னு கன்னடத்துல கத்தினான். பிடிக்காத பேண்டுக்கு மொத்தக் கூட்டமும் முதுகைக் காட்டி நிக்கிறது அவங்க பழக்கம். பதினோரு பேரும் திரும்பினாங்க. நானும் திரும்பினேன். உண்மையைச் சொல்லிடுறேன் மச்சான், திரும்பினதும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்தது. அப்பாடா, இனிமே என் மூஞ்சி தெரியாதுன்னு. அப்புறம்தான் என் காதுல உன் வரி விழுந்திச்சி. 'படுத்துத் தூங்க முடியாத மாமா, ஏழு வருஷம் சுவத்துல சாஞ்சே தூங்கின மாமா.' எங்க அப்பாவைப் பாடுற. மூச்சு முட்டும்னு அவர் கடைசிவரைக்கும் படுக்காததைப் பாடுற. அதே நிமிஷம் என் முதுகுல இன்னா எழுதியிருக்குன்னு ஞாபகம் வந்திச்சி. 'லாய்ட், டிரம்.' உன் கண்ணுக்கு நேரா, விளக்கு வெளிச்சத்துல. பாட்டு பட்டுன்னு நின்னுடுச்சி. நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள நீ கிட்டாரைக் கழட்டிகினு இறங்கிப் போயிட்ட. கூட்டம் கைதட்டிச்சி, "ஓடிட்டான்டா" ன்னு. நானும் ரெண்டு தட்டு தட்டினேன். அதையும் மறைக்கல.

அதுக்கப்புறம் திங்கக்கிழமை நம்ம மூணாவது பெட்டியில வழக்கம்போலக் கைக்குட்டை போட்டு உனக்கு சீட் பிடிச்சேன். உங்க ஸ்டேஷன் வந்திச்சி, நீ ஏறல. செவ்வாய் ஏறல. புதன்கிழமை மனோகர் "இன்னாப்பா, ஆள் இல்லாத சீட்டுக்குக் கர்ச்சீப்பா?"ன்னு சொல்லி எடுத்துப்போட்டு உக்காந்துட்டான். ஞாயித்துக்கிழமை கோயில்ல கடைசி பெஞ்சில இருந்த, ஆசீர்வாதம் சொல்றதுக்கு முன்னாடியே எழுந்து போயிட்ட. கேரல் பிராக்டீஸுக்கும் வரல. பதினேழு வருஷத்துல முதல்முறை. கிட்டாரை வித்துட்டன்னு ஒருத்தன் சொல்றான், இனி பாடவே மாட்டேன்னு சொன்னதா இன்னொருத்தன் சொல்றான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கல.

நு-மெட்டல் அத்தனை கேவலமா என்று இந்தப் பத்தொன்பது நாளும் ரயிலில் யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், அதில் பாதி குப்பை. அரைக்கால் டவுசரும் அந்தத் தொப்பியும் ரொம்பக் குப்பை. ஆனால் அவர்கள் கும்பிடுகிற அசல் மெட்டலிலும் பாதி குப்பைதான். டிராகன், வாள், பனிமலை. நம்ம ஊரில் இருக்கிற ஒரே மலை தங்கம் எடுத்தபிறகு கொட்டின சயனைடு மண்மேடு, காற்றடித்தால் அது சோற்றில் வந்து விழும். சோலோ வாசிக்க தினம் எட்டு மணி நேரம் பயிற்சி வேண்டும் என்கிறான் க்ரிம். தினம் அஞ்சு மணி நேரம் ரயிலில் தொங்குகிறவன் அந்த எட்டு மணியை எங்கே போய் வாங்குவான்? அவனுக்கு ரெண்டு விரலும் ஒரு தொண்டையும்தான் மிச்சம். அப்பாவைப் பற்றிக் கத்துவது சின்னப்பிள்ளைத்தனமாம். க்ரிம் அப்பா காலையில் லால்பாகில் வாக்கிங் போகிறார், அவன் எதற்குக் கத்தப்போகிறான்? கோடிப் பேர் கேட்டால் அது கெட்டுப்போன பாட்டு என்றால், கோடிப் பேருக்கு அந்தக் கோபம் இருந்தது என்றுதானே அர்த்தம். அதை நாலு பேர் மட்டும் கேட்கிற இசையாக வைத்துக்கொள்ள வசதி வேண்டும். நம்மிடம் அந்த வசதி இல்லை. இதெல்லாம் எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். தெரிந்தே திரும்பி நின்றேன். ஸ்கெலட்டன் என்று ஒருத்தன் மரியாதையாகக் கூப்பிட்டதற்காக எங்க அப்பாவுக்கு முதுகைக் காட்டினேன்.

மன்னிக்கணும் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. என்னோடு பேசாதே, பரவாயில்லை. பாட்டை மட்டும் விட்டுடாதே. அந்த வரிக்கு அப்புறம் இன்னா வருதுன்னு எனக்குத் தெரியணும்.

உன் தொண்டையையும் உன் ரெண்டு விரலையும் ஆண்டவர் தூசு படாமல் காக்கட்டும். ஐடா அத்தைக்கு என் தோத்திரம், ஷைலாவுக்கு என் விசாரிப்பு, குழந்தைக்கு ஒரு முத்தம், அது என்னிடமிருந்து என்று சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மாமன் மகன்
லாய்ட்

பி.கு.: இதை ஒட்டி எடுத்துகினு தபாலாபீஸுக்குக் கிளம்பும்போது ஐடா அத்தை அம்மாவைப் பார்க்க வந்தாங்க. அத்தைக்கு ஒண்ணும் தெரியாது, பேச்சுவாக்கில் எல்லாம் சொன்னாங்க. குழந்தைக்குப் பாலில்லாம போயி, அப்புறம் காய்ச்சலு, மூணு வாரமா நீங்க தூங்கவேயில்லையாம். உன் போன் எட்டாம் தேதி சாயங்காலமே தண்ணி டிரம்முல விழுந்து செத்துப்போச்சாம். உனக்கு ரெண்டாவது ஷிஃப்ட் மாத்திட்டாங்களாம், அதனால பதினோரு மணி வண்டியாம். அன்னிக்கு மேடையில கிட்டார் கம்பி அறுந்துபோச்சாம், மாத்துக் கம்பி இல்லையாம், கடைசி வண்டியைப் பிடிக்க ஓடினியாம். "லைட்டு கண்ணைக் கூசிச்சி, முன்னாடி ஒரு மூஞ்சியும் தெரியல, முதுகும் தெரியல. லாய்ட் மட்டும் வந்திருந்தா அவனை விட்டு யாருகிட்டயாவது ஒரு கிட்டாரைக் கேட்டு வாங்கி முழுசா பாடியிருப்பேன்"ன்னு சொன்னியாம். கேரலுக்கு டிசம்பர் பத்திலிருந்து வர்றேன்னு பர்னபாஸ் அண்ணன்கிட்ட அப்பவே சொல்லிட்டியாம்.

அப்படீன்னா நீ ஒண்ணுமே பாக்கல. மேலே எழுதினதையெல்லாம் கிழிச்சிப் போட்டுட்டு நாளைக்கே வந்து உன் வீட்டுல டீ குடிக்கலாம். அரை மணி நேரம் கையில வெச்சிகினு நின்னேன். கிழிக்க முடியல. நீ பாக்கலன்னாலும் நான் திரும்பித்தான் நின்னேன்.

அத்தை கையிலேயே குடுத்து அனுப்புறேன். கூட அந்தச் சட்டையும் கீது, துவைச்சி வெச்சிருக்கேன். மண்டையோட்டு ஸ்டிக்கர் பாதிதான் உரிஞ்சிது. கேரலுக்குப் போட என்கிட்ட வேற சட்டை இல்ல. பத்தாம் தேதி நீ அதை எடுத்துகினு வந்தா, டிரம் நான் அடிக்கிறேன். வெறுங்கையோட வந்தா, புரிஞ்சிக்கிறேன்.