கேப்டன் மரகதத்தை ஊருக்கு வரவழைக்கும் திட்டம்

மனைவியை வாய்விட்டு 'வா' என்று கூப்பிடாமலேயே வரவழைத்துவிடுவது என்று மந்தைவெளி லியோனார்ட் முடிவு செய்தான்.

டீனாவுக்கு வங்கியில் பதவி உயர்வு கிடைத்துத் தூத்துக்குடிக்கு மாற்றலானபோது, எழும்பூர் ஸ்டேஷனில் பல்லெல்லாம் தெரியச் சிரித்து வழியனுப்பியவன் அவன். அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை. வீட்டுக்கு வந்து பழக்கத்தில் இரண்டு பேருக்கும் தோசை வார்த்து, இரண்டு பங்கையும் தானே தின்றான். பல மாதமாகியும் கட்டிலில் அவள் பக்கம் அவன் புரண்டு படுத்ததில்லை.

மிச்சமிருந்தது சனிக்கிழமை சாயங்கால வீடியோ கால். கல்யாணத்துக்கு முன்பு அடையாறில் நண்பர்களோடு விளையாடிய அதே விளையாட்டு. லியோனார்ட்தான் கேம் மாஸ்டர். கதையை அவன் சொல்வான். கதைக்குள் ஒரு பாத்திரமாக டீனா நடமாடுவாள். ஒரு காரியம் பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வந்தால் "டைஸ் போடு" என்பான். இருபது முகப் பகடை. எண் பெரிதாக விழுந்தால் பலித்தது.

டீனா ஏற்ற வேடம் கேப்டன் மரகதம். கப்பலேறிப் போய் ஏதோ தூரதேசத் துறைமுகத்தில் இருந்தாள். சொந்த ஊரில் ஒரு கலங்கரை விளக்குக்காரன் அவளுக்காகக் காத்திருந்தான். அவன் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

திட்டம் இதுதான். தூரதேசத்தில் மரகதம் தும்மினால்கூட டைஸ். மாடிப்படி ஏறினாள், டைஸ், விழுந்தாள். மீன் குழம்பு வைத்தாள், டைஸ், உப்புக் கரித்தது. இருபதே விழுந்தாலும் லியோனார்ட் ஏதாவது கோளாறு சொன்னான். ஊர்ப் பக்கம் கப்பலைத் திருப்பலாமா என்ற பேச்சு வந்தால் மட்டும் டைஸே கிடையாது. காற்று சாதகம். அலை ஓய்வு. கடற்கொள்ளைக்காரன்கூட வணக்கம் சொல்லி ஒதுங்கினான்.

போன சனிக்கிழமை பொறுமை இழந்து நேராகவே இறங்கினான்.

"பத்துக்கு மேல விழுந்தா மரகதம் ஊருக்குத் திரும்பிடறா. போடு."

டீனா பகடையைத் தொடவில்லை.

"டைஸ் எப்ப போடணும், லியோ? என்ன ஆகும்னு ரெண்டு பேருக்கும் தெரியாதப்பதான். மரகதம் என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியும். இப்ப வர மாட்டா. அவளுக்கு அந்தக் கப்பல் பிடிச்சிருக்கு."

லியோனார்ட், நெட்வொர்க் சரியில்லை என்று முணுமுணுத்தபடி சட்டை நுனியால் திரையைத் துடைத்தான்.

"எனக்குத் தெரியாதது அந்த விளக்குக்காரன் மனசுதான்," என்றாள். "தினமும் கடலையே பாத்துக்கிட்டு நிக்கறானே, ஒரு தடவை கிளம்பி வந்தா என்ன? அவனுக்குப் போடு."

விளக்கை யார் பார்த்துக்கொள்வது என்று இழுத்தான். அது எடுபடவில்லை. எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று அவனுடைய ஈக்காட்டுத்தாங்கல் ஆபீஸில் சொல்லி ரொம்ப நாளாகிறது. அவன் அங்கே போவது ஏசிக்கும் டீக்கும்தான் என்பது அவளுக்கும் தெரியும்.

வேறு வழியில்லாமல் பகடையைக் கையில் எடுத்தான்.

"வை அதை," என்றாள் டீனா. குரல் இறங்கியிருந்தது. "இதுக்குமா டைஸ்? எனக்கும் இங்க சாயங்காலம் போக மாட்டேங்குது."

பகடையைக் கீழே வைத்தான். பிறகு லியோனார்ட், தானே யோசித்து எடுத்த முடிவு போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, ரயிலில் டிக்கெட் கிடைக்குமா என்று பார்க்கட்டுமா என்றான்.

"வேணாம். வர்ற வெள்ளிக்கிழமைக்கு உனக்குப் போன வாரமே போட்டுட்டேன். அப்பர் பெர்த்துதான் கெடச்சுது."