ரெங்கத்து எதிர்க்கட்சித் தலைவர்

மக்களாட்சி என்னும் மகத்தான கலை கிரேக்க நாட்டில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, மலாயாவின் ஜொகூர் சமஸ்தானம் ரெங்கத்தில், ருக்னுதீன் ராவுத்தர் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் பூரணத்துவம் அடைந்தது. 1934ஆம் வருஷம் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு அங்கே கூடிய "ரெங்கம் மாதிரிப் பார்லிமெண்டு" போன்ற கட்டுக்கோப்பான சபை பூமியில் வேறெங்கும் இருந்ததில்லை. லண்டன் பார்லிமெண்டில் அறுநூறு பேர் உட்காருகிறார்கள். பெரும்பாலோருக்குப் பதவி இல்லை. ரெங்கத்தில் ஒன்பதே அங்கத்தினர்கள். ஒன்பது பேருக்கும் பதவி.

சபாநாயகர், ராவுத்தர். அந்தப் பதவிக்குப் போட்டியே எழவில்லை, பெஞ்சுகள் அவருடையவை. ஆளுங்கட்சித் தலைவர் கனகராஜ், மூணாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அவருக்கு ஒரு துணைத் தலைவர், ஒரு கொறடா, கொறடாவுக்கு ஒரு துணைக் கொறடா. எதிர்வரிசையிலும் அதேபோல் நால்வர். தலைவர் சொன்னபடி கட்சிக்காரர்கள் கை தூக்குகிறார்களா என்று பார்ப்பதுதான் கொறடாவின் வேலை. கட்சிக்கு ஒரு துணைத் தலைவரை இரண்டு கொறடாக்கள் கண்காணித்ததால் ஒழுங்குக்குக் குறைவே இல்லை.

எதிர்க்கட்சித் தலைவர் சதாசிவம். அதே தோட்டத்தில் சின்னக் கிராணி. பதினோரு வருஷமாகச் சின்னக் கிராணி. திங்கள் முதல் சனி வரை கனகராஜ் அவரை, "யோவ், இங்க வா" என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி அடித்ததும் அதே வாய், "கனம் எதிர்க்கட்சித் தலைவர் அவர்களே" என்று தொடங்க வேண்டும். சபை விதி அப்படி. அந்த ஒரு வார்த்தையைப் பற்றிக்கொண்டுதான் சதாசிவம் மற்ற ஆறு நாட்களையும் கடந்து வந்தார்.

இந்த உன்னதமான ஏற்பாட்டுக்குள் ஒரு கிணறு வந்து விழுந்தது.

கூலிகள் குடியிருக்கும் மூன்றாம் லயத்துக் கிணறு மாட்டுக்கொட்டகைக்குக் கீழே, பள்ளத்தில் இருந்தது. மழை பெய்தால் கொட்டகையில் கிடப்பதெல்லாம் கிணற்றுக்குள் இறங்கும். அந்த மாதம் லயத்தில் ஏழு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஒரு வியாழக்கிழமை, பால்மரம் வெட்டும் கிருஷ்ணம்மா தன் மூன்று வயது மகள் தனலெட்சுமியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சதாசிவத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பிள்ளையின் தலை தாயின் தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது.

"கங்காணி நம்ம தொரைகிட்ட சொல்லிப் பாத்துட்டாருங்கய்யா. கேக்கல. திங்கக்கெழம ரயில்ல ஒரு பெரிய தொரை வர்றாராம்ல, கூலிங்க கஷ்டத்த விசாரிக்கிறவரு. அவருக்கு இங்கிலீசுல நாலு வரி எழுதி நீங்களே கையில குடுத்துருங்கய்யா. புதுசா ஒரு கெணறு வெட்டச் சொன்னாப் போதும்."

சதாசிவம் அன்றே எழுதினார். அந்தத் தண்ணீரைப் பற்றி அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தம் வீட்டுக்குக் குடிதண்ணீரை ரயில்வே ஸ்டேஷன் குழாயிலிருந்துதான் அவர் எடுத்து வரச் செய்தார். மனு அருமையாக அமைந்தது. அவ்வளவு அருமையாக அமைந்ததை ஒருவரிடமும் காட்டாமல் இருக்க அவரால் முடியவில்லை. மறுநாள் ஆபீசில், கையெழுத்துக் கேட்கும் சாக்கில், கனகராஜிடம் நீட்டினார்.

கனகராஜ் இரண்டு முறை படித்தார். "நல்லாத்தான்யா இருக்கு" என்றார். "ஞாயித்துக்கெழம ஆளுங்கட்சித் தீர்மானமா நானே கொண்டாரேன்." மனுவை மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் எதிர்க்கட்சியின் கொறடா சின்னத்தம்பி வந்து சேர்ந்தார். அவர் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். பார்லிமெண்டு நடைமுறை பற்றிச் சிங்கப்பூரிலிருந்து ஒரு புத்தகம் வரவழைத்து, முதல் பாதியைப் படித்து முடித்திருந்தார்.

"நாளைக்கு ஆளுங்கட்சித் தீர்மானம் வருது சார். நாம எதிர்த்தாகணும்."

"அது நான் எழுதினதுய்யா."

"எழுதினது யாரா இருந்தா என்ன சார். கொண்டாறது அவங்க. நீங்க எந்திரிச்சு ஆமான்னு சொல்லிட்டா அப்புறம் எதிர்க்கட்சின்னு ஒண்ணு எங்க இருக்கு? அது இல்லாத எடத்துல தலைவரு மட்டும் எங்க இருப்பாரு?"

சதாசிவம் வெகுநேரம் யோசித்தார். கிணற்றை யோசித்தார், சரிந்து சரிந்து விழுந்த அந்தச் சின்னத் தலையை யோசித்தார். பிறகு, தாம் தலைவராக இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் யோசித்தார். கொள்கை வென்றது.

மறுநாள் அவர் நாற்பது நிமிஷம் பேசினார். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக இருப்பதாக ஆளுங்கட்சி அலறுகிறது. மஞ்சள் மங்கலமான நிறம் அல்லவா என்று கேட்டார். பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்குக் பழுக்காத ரம்புத்தான் பழம் காரணமாக இருக்கக்கூடாதா என்றார். மாடுகள் ஆண்டுக்கணக்கில் அதே தண்ணீரைக் குடித்தும் ஒரு மாடுகூட மனுப் போடவில்லை என்று சுட்டிக்காட்டினார். இரண்டு வரிசைகளும் மேசையைத் தட்டின. கனகராஜே எழுந்து, "கனம் எதிர்க்கட்சித் தலைவர் அவர்களுடைய வாதத்தின் முன் ஆளுங்கட்சி ஒரு கணம் நடுங்கிவிட்டது" என்று ஒப்புக்கொண்டார். சதாசிவத்துக்குக் காது இரண்டும் சூடேறின. பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அறிந்ததில்லை.

ஓட்டு எடுத்தார்கள். கொறடாக்கள் கடமை தவறவில்லை, நாலுக்கு நாலு. எல்லோரும் சபாநாயகரைப் பார்த்தார்கள். ராவுத்தர் இரு தரப்பிலும் வாடிக்கை உள்ளவர்.

"ரெண்டு பேச்சும் நல்லாத்தான் இருந்துச்சு லா. ரெண்டையும் எழுதித் தொரை கையில குடுத்துருங்க. அவரு பாத்துக்கிடட்டும்" என்று தீர்ப்பளித்தார்.

இப்படியாக, சதாசிவம் அன்றிரவு தம் மனுவுக்கு எதிராக ஒரு மனு எழுதினார். முதல் மனுவை ஒரு மணி நேரத்தில் எழுதியவர், இதற்கு நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டார். சரக்கு இல்லாத இடத்தில் உழைப்பு அதிகம் தேவைப்படும் அல்லவா.

திங்கட்கிழமை ரயில் ரெங்கத்தில் பத்து நிமிஷம் நின்றது. கோட்டு அணிந்த இரு தலைவர்களும், ஒருவர் மற்றவரை முந்திவிடாதபடி காலடி எண்ணி நடந்து, முதல் வகுப்புப் பெட்டியின் ஜன்னலில் இரு மனுக்களையும் ஒரே சமயத்தில் நீட்டினார்கள். துரை இரண்டையும் படித்தார். இரண்டும் ஒரே கையெழுத்தில் இருப்பதைக் கண்டு, இதை எழுதியவர் யார் என்று விசாரித்தார். சதாசிவம் அடக்கத்துடன் ஒரு அடி முன்னால் வந்தார். துரை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கைகுலுக்கினார். ரயில் புறப்பட்டது. பிளாட்பாரத்தின் கோடியில், பிள்ளையோடு காத்திருந்த கிருஷ்ணம்மாவிடம், காரியம் நல்லபடியாக முடிந்தது என்று சதாசிவம் சொன்னார். அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பத்தாம் நாள் தோட்டத் துரைக்குக் கடிதம் வந்தது. கிணறு விஷயத்தில் அவ்விடத்து மக்களே இருவேறு கருத்து கொண்டிருப்பதால் நடவடிக்கை எதுவும் இப்போது அவசியமில்லை. என்றாலும் அவர்களுடைய அரசியல் பக்குவம் பாராட்டத்தக்கது. முக்கியமாக இரண்டாவது மனுவின் தர்க்கம் வெகு சிறப்பு. தோட்டத் துரை அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினார். போகும்போதும் வரும்போதும் சதாசிவம் அதைப் படித்தார். அந்த வாரம் நான்கு நாட்கள் விடாமல் மழை பெய்தது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சபை கூடியபோது கனகராஜ் அனுதாபத் தீர்மானம் கொண்டுவந்தார். புதன்கிழமை காலமான குமாரி தனலெட்சுமியின் மறைவுக்கு இச்சபை ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது. சின்னத்தம்பி அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டி, இந்த வகைத் தீர்மானத்தை எதிர்க்கட்சி எதிர்க்கக்கூடாது என்று தலைவரின் காதில் ஓதினார். சதாசிவம் எழுந்து வழிமொழிந்தார். பாதியில் அவருக்குக் குரல் நிஜமாகவே உடைந்தது. ஒன்பது பேரும் இரண்டு நிமிஷம் தலைகுனிந்து நின்றார்கள். நாலுக்கு நாலு என்ற வழக்கத்தை முதல் தடவையாக மீறி, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சபையின் சரித்திரத்தில் இது பொன்னாள் என்று சபாநாயகர் குறிப்பில் எழுதச் சொன்னார்.

மகளுக்குச் செய்யப்படும் மரியாதையைக் காணட்டும் என்று சதாசிவம் கிருஷ்ணம்மாவை வரச் சொல்லியிருந்தார். அவள் சமையல்கட்டு வாசலில் நின்று, எல்லோரும் உட்காரப் போகும்வரை பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சுங்களாய்யா?"

"முடிஞ்சிருச்சும்மா. ஒருத்தர்கூட எதிர்க்கல."

"அப்ப உக்காந்துராதீங்கய்யா" என்றாள் கிருஷ்ணம்மா. "லயத்துல இன்னும் ஆறு புள்ளைங்க அதே தண்ணியத்தான் குடிக்குதுங்க. அதுங்களுக்கும் சேத்து இப்பவே நின்னுருங்க. இந்த ஒத்துமை உங்களுக்கு மறுபடி எப்ப வருமோ."