விளக்குமாற்றுக் கோடு போட்ட வாசல்

கிங்ஸ்பரி, லண்டன்
தை மாதத்து வெள்ளிக்கிழமை

அன்பும் பண்பும் கொஞ்சம் அவசரபுத்தியும் நிறைந்த மைத்துனர் நிர்மலன் அவர்கட்கு,

உம்முடைய அக்கா தவநாயகியைக் கைப்பிடித்த பத்மநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் குளிரைத் தவிர வேறு குறை எதுவுமின்றி இருக்கிறோம். அங்கே ரொறன்ரோவில் நீரும், உம்முடைய மனைவி பிரீத்தாவும், பிள்ளைகளும் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை நிற்பார். போனில் சொல்லக்கூடியதை ஏன் இந்த மனுஷன் கடிதமாக எழுதுகிறார் என்று நீர் யோசிப்பீர். போனில் நீர் என்னைக் கதைக்க விட்டால்தானே ஐயா! நான் ஹலோ என்று வாய் திறக்க முதலே 'அக்காட்டைக் குடுங்கோ அத்தான்' என்கிறீர். கடிதத்தை இடையில் மறிக்க உம்மால் ஏலாது. ஆறுதலாக இருந்து கடைசி வரைக்கும் வாசியும்.

தீபாவளியன்று நீர் சொன்ன சொல் இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. போன வருடத்துக்கு முந்தின குளிரில் தவநாயகி எங்கள் வீட்டு வாசல் பாதையில் உறைபனி சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்தது உண்மை. அந்தப் பழைய சீமெந்துப் பாதை பீங்கான் கோப்பை மாதிரி வழுவழுவென்று கிடந்ததும் உண்மை. அன்றிலிருந்து கார்த்திகை பிறந்தால் பங்குனி போகும்வரை அவ வாசற்படி தாண்டுவதில்லை. வெள்ளிக்கிழமைக் கோயில் நின்றுபோயிற்று. கடைத்தெரு நின்றுபோயிற்று. ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு றோட்டைப் பார்த்தபடி நிற்பா. அதைப் பார்க்க எனக்கு வயிறு பற்றி எரியும். எரிகிற வயிற்றில் நீர் எண்ணெய் வார்த்தீர். 'அத்தான், உங்களாலை ஒரு வாசலைக்கூடத் திருத்த ஏலாது. மாசி பிறக்க முன்னம் அக்காவுக்கு டிக்கெட் போடுறன். என்ரை வீட்டிலை கராஜுக்குள்ளாலையே காரிலை ஏறலாம், வெளியிலை கால் வைக்கத் தேவையில்லை' என்று சொன்னீரே, அது ஒரு மச்சான் சொல்லுகிற கதையா? கால் வைக்கத் தேவையில்லை என்றால் மனுஷிக்குக் கால் எதற்கு? அடுத்த குளிருக்கு முதல் இல்லை, இந்தக் குளிருக்குள்ளேயே தவநாயகி நடக்கிற வாசலைப் போட்டுக் காட்டுகிறேன் என்று அந்த நிமிடமே சபதம் எடுத்தேன்.

வெம்பிளியில் வாசல் போடுகிற தொழில் செய்கிறவர் நிரூபன். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான், வாய் மட்டும் ஊரை விடப் பெரியது. அவர் மூன்று மாதிரிக் கொங்கிறீற்றுக் கட்டிகளைக் கொண்டுவந்து, ஈஸ்ட் ஹாம் சேலைக்கடைக்காரர் சேலை விரிப்பது போல எங்கள் மேசையில் பரப்பினார். முதலாவது, ஈரக் கலவையில் றப்பர் அச்சை அமத்திக் கருங்கல் மாதிரி உருவம் எடுத்து, மேலே மினுமினுவென்று வார்னிஷ் பூசியது. 'அண்ணை, இதைப் போட்டால் றோட்டாலை போற சனம் நிண்டு பாத்திட்டுத்தான் போகும்' என்றார். எனக்கு வேண்டியது நிண்டு பார்க்கிற சனம் இல்லை, நடந்து போகிற ஒரு மனுஷி என்று சொன்னேன். இரண்டாவது, மேல் சீமெந்தைக் கழுவி விட்டுக் கூழாங்கல் வெளியில் தெரிகிற மாதிரி. மூன்றாவதை அவர் எடுத்து வைத்த விதமே சரியில்லை. ஏதோ வேண்டாத பிள்ளையைச் சபைக்குக் கொண்டுவந்த மாதிரி ஓரத்தில் வைத்தார். மங்கல் நிறம், மேலே முழுக்கக் கோடு கோடாக இழுத்திருந்தது. 'இது பிறஷ் ஃபினிஷ் அண்ணை. கவுன்சில் நடைபாதைக்குப் போடுறது. வீட்டுக்கு வடிவில்லை' என்றார்.

நான் வாய்ச்சொல்லை நம்புகிற ஆள் இல்லை என்பது உமக்குத் தெரியும். அவர் போனதும் மூன்று கட்டியையும் தண்ணீரில் நனைத்து எங்கள் பெரிய பிறீசருக்குள் வைத்தேன். அங்கே தவநாயகி வெட்டித் துப்புரவாக்கி வைத்திருந்த விளைமீனும் கணவாயும் துருவின தேங்காய்ப் பைகளும் இருந்தன. அதுகளை எடுத்து வெளியில் வைத்தேன். திரும்ப உள்ளே வைக்க மறந்துபோனேன். அடுத்த நாட் காலை வீடு மன்னார்க் கரைவலைத் துறை மாதிரி மணத்தது. உம்முடைய அக்கா என்னைப் பேசிய பேச்சை நான் எழுதினால் தபால்காரர் இந்தக் கடிதத்தை எடுக்க மாட்டார். ஆனால் பரிசோதனை என்றால் பரிசோதனைதான். உறைந்த கட்டிகளைக் குசினி நிலத்தில் வைத்து, செருப்போடு ஒவ்வொன்றாக ஏறி நின்றேன். கருங்கல் மினுக்கலில் கால் வைத்ததுதான் தெரியும், அரிசிச் சாக்குக்கு மேல் கிடந்தேன். கூழாங்கல் காலைப் பிடித்தது, ஆனால் கல்லுக்குக் கல் இடைவெளியில் ஐஸ் உட்கார்ந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்றது. கோடு போட்டது மட்டும் என் செருப்பை விடவில்லை. மூன்று முறை குதித்துப் பார்த்தேன். நாலாவது முறை குதிக்கத் தவநாயகி விடவில்லை.

சரி, பிறஷ் ஃபினிஷ் என்று முடிவெடுத்து நிரூபனைக் கூப்பிட்டு, எப்படிக் கோடு போடுவீர் என்று கேட்டேன். 'என்ன அண்ணை, விளக்குமாத்தாலை ஒரு இழுவை' என்றார். அந்தச் சொல் அடுப்படிக்குக் கேட்டுவிட்டது. தவநாயகி கையில் அகப்பையோடு வந்தா. 'இஞ்சாருங்கோ, வாசலிலை விளக்குமாத்துத் தடமோ? விளக்குமாறு கதவுக்குப் பின்னாலை கிடக்கிற சாமான். அதின்ரை அடையாளத்தைக் கல்லிலை அடிச்சு வைச்சுக்கொண்டு ஆர் வீட்டிலை இருப்பினம்? லட்சுமி வருவாளோ?' நிரூபன் தேத்தண்ணியைக் குடித்தார். அப்போது எனக்கு எங்கிருந்து அந்த மூளை வந்ததோ தெரியாது. 'தவம், காலமை முற்றம் கூட்டின உடனை மண்ணிலை தெரியுமே ஒரு கோடு, அதுதான் இது. அந்தக் கோடு கிடக்கிற வீட்டுக்குத்தானே லட்சுமி வருவாள்? இது அழியாத கோடு. கூட்டாமலே கூட்டின முற்றம்' என்றேன். அவ அகப்பையை மேசையில் வைத்தா. பிறகு இரண்டு நிபந்தனை போட்டா. விளக்குமாறு புதிதாக இருக்க வேண்டும், ஒரு தூசி தட்டியிருக்கக் கூடாது. வேலையை நல்ல நேரத்தில் தொடங்க வேண்டும்.

முதலாவது நிபந்தனைக்காக ஈஸ்ட் ஹாம் போய், ஈர்க்கு விளக்குமாறு ஒன்று வாங்கி, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இரண்டு ரெயில் மாறி வந்தேன். பெட்டிக்குள் இருந்த வெள்ளைக்காரர் எல்லாரும் மரியாதையாக விலகி இடம் விட்டார்கள். இரண்டாவது நிபந்தனைதான் கழுத்தைப் பிடித்தது. பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் விடியற்காலையில் விழுந்தது. வெளியே புல்லெல்லாம் வெள்ளை. 'அண்ணை, அஞ்சு டிகிரிக்குக் கீழை போட்டால் கலவைக்குள்ளை இருக்கிற தண்ணி ஐசாகும், பிறகு எல்லாம் தூளாகும். பதினொரு மணிக்குத்தான் லொறி வரும்' என்று நிரூபன் தலைகீழாக நின்றார். 'நல்ல நேரம் தவறினால் நான் அதிலை கால் வைக்கமாட்டன்' என்று தவநாயகி கதவடியில் நின்றா. லொறியும் லட்சுமியும் எனக்கு வேண்டும். ஆகவே ஒரு வாளியில் நானே கொஞ்சக் கலவை குழைத்து, நல்ல நேரத்தில், சூடம் கொளுத்தி, பழைய பாதையை உடைத்து அள்ளின இடத்தின் மூலையில் ஒரு சிறு சதுரம் போட்டேன். தொடங்கியாயிற்று! மிச்சத்தைப் பதினொரு மணிக்குத் தொடரலாம். இப்படி ஒரு யோசனை உமக்கு வந்திருக்குமா? மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லும்.

லொறியில் வந்தது சாதாரணக் கலவை இல்லை. அப்பத்துக்குப் புளித்த மா மாதிரி உள்ளே சின்னச் சின்னக் கண் விட்ட கலவை. தண்ணீர் உறைந்து வீங்கினால் அந்தக் கண்ணுக்குள் போய் அடங்குமாம். இதை நான்தான் வாசித்துக் கண்டுபிடித்து, அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கினேன். பரவி மட்டமாக்கியதும் நிரூபன் விளக்குமாற்றுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. கோடு நான்தான் இழுப்பேன் என்றேன். அவசரப்பட்டு ஈரத்தில் இழுத்த முதல் கோடு சேறாகக் கிளம்பியது, அதை அவர் தடவிச் சரியாக்கினார். மேலே மினுங்கின தண்ணீர் வற்றும்வரை பொறுத்தேன். பிறகு இழுத்தேன் பாரும்! நெடுக்காக இழுக்கச் சொன்னார் நிரூபன், வேலை கெதியாய் முடியுமாம். நான் சம்மதிக்கவில்லை. நடக்கிற திசைக்குக் குறுக்காக இழுத்தால்தானே கால் சறுக்கப் போகும்போது கோடு மறிக்கும்? வீட்டு வாசலில் இருந்து றோட்டு வரை, ஒரே அளவு அழுத்தம், ஒரே நேர். கடைசிக் கோடு இழுத்து நிமிர்ந்தபோது இடுப்பில் நாரி பிடித்துவிட்டது. நிரூபன் பார்த்துவிட்டு, 'அண்ணை, நீங்கள் என்னோடை வேலைக்கு வாறியளோ?' என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். இருந்தாலும் கேட்டாரா இல்லையா?

இரவுக் குளிருக்கு மூட அவர் கொண்டுவந்த தடித்த போர்வை பாதிப் பாதைக்குத்தான் எட்டியது. மிச்சத்துக்கு எங்கள் கட்டில் போர்வைகள், விருந்தாளிக்கு வைத்திருந்த மெத்தை விரிப்பு, என் பழைய ஓவர்கோட் எல்லாவற்றையும் எடுத்து நீளமாக மூடிக் கட்டினேன். காலையில் பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரர் கும்பிட்ட கையோடு வந்து, யார் போனது, எப்போது எடுக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். எங்கள் பழைய பாதைதான் போனது என்று விளங்கப்படுத்தித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

ஒரு குறையையும் மறைக்காமல் எழுதுகிறேன். நல்ல நேரத்தில் போட்ட அந்த மூலைச் சதுரம் இரண்டு உறைபனிக்குள் வறுத்த அரிசிமா மாதிரி உதிர்ந்துபோயிற்று. நிரூபன் சிரித்தார். தவநாயகி சிரிக்கவில்லை. 'பாத்தியளோ, நல்ல நேரத்திலை தொடங்கினபடியால்தான் வாற கெடுதல் எல்லாம் அந்த மூலையோடை போச்சுது' என்றா. அதற்கு மேல் ஒரு பூச்சாடி வைத்திருக்கிறோம். மற்றப் பாதை முழுக்க இரும்பு.

இப்போது கேளும். கிங்ஸ்பரியில் எங்கள் வாசலைப் பார்க்காத தமிழர் இல்லை என்றே சொல்லலாம். வருகிறவர்களை நான் உடனே உள்ளே விடுவதில்லை. 'சப்பாத்தோடை ஒருக்கா மேலும் கீழும் நடந்து பாருங்கோ' என்று நடக்க வைத்துத்தான் விடுகிறேன். ஐஸ் கரைய உப்புப் போடுவது இங்கே வழக்கம், ஆனால் புதுக் கொங்கிறீற்றுக்கு முதற் குளிர் கடக்கும்வரை அது கூடாது, மணல் மட்டும்தான். உப்பு வாளியோடு உதவிக்கு வந்த குஜராத்திக்காரரை நான் மறித்த மறிப்பில் மனுஷன் இப்போது சமையலுக்கே உப்புக் குறைத்துவிட்டாராம். ரொறன்ரோவில் உம்முடைய கருங்கல் அச்சுக் கொங்கிறீற்று வாசல் உப்பில் ஊறி அப்பளமாகத் தோலுரிந்து கிடக்கிற படத்தைப் பிரீத்தா அனுப்பியிருந்தா. நான் சிரிக்கவில்லை. சத்தமாகச் சிரிக்கவில்லை.

உம்முடைய அக்காவைப் பற்றிக் கேட்பீர். அவ இப்போது ராணி மாதிரி அந்தப் பாதையில் நடந்து திரிகிறா. உறைபனியென்ன, மழையென்ன, தினமும் போக்கும் வரவும்தான். இதுவரை எங்கள் வாசலில் ஒரு குஞ்சு குருமான்கூடச் சறுக்கவில்லை. ஆகவே தயவுசெய்து டிக்கெட் கதையை இத்தோடு விடும். என் மனுஷி கால் வைத்து நடக்கிற வீடு இங்கே இருக்கிறது, அதை என் கையால் நானே போட்டேன்.

உமக்கும் பிரீத்தாவுக்கும் மனம் நிறைந்த வாழ்த்து. பிள்ளைகளுக்கு நல்ல படிப்பும், உமக்கு அடுத்தவர் கதையைக் கேட்கிற பொறுமையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசல் உள்ள அத்தான்
பத்மநாதன்

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதுறன். கடிதத்தை ஒட்டச் சொல்லி என்னட்டைத் தந்தவர், நான் வாசிச்சுப் போட்டன். ராணி மாதிரி நடக்கிறன் எண்டது முழுப்பொய். இண்டைவரைக்கும் நான் அதிலை ஒரு கால்கூட வைக்கேல்லை. வழுக்கும் எண்டு இல்லையடா, எனக்குப் பயம். கையை முறிச்ச சத்தம் இன்னும் காதுக்குள்ளை கேக்குது. ஒருத்தரும் சறுக்கேல்லை எண்டதும் பொய்தான். நேற்று உனக்கு அனுப்ப வாசலைப் படம் எடுக்கிறன் எண்டு பின்பக்கமா நடந்து போய், பாதையை விட்டுப் புல்லுக்கை இறங்கி, அத்தான் தடாரெண்டு விழுந்தவர். கணுக்கால் வீங்கிப்போய்க் கிடக்கு. சோபாவிலை படுத்துக்கொண்டு, கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிட்டைக் குடுத்துப் போடச் சொல்லுறார். நான் குடுக்கேல்லை. அவர் அந்தக் கோடு இழுத்த அண்டைக்கு நான் ஜன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். ஒவ்வொரு கோடும் இழுத்துப்போட்டு நிமிந்து, நான் நிக்கிறனோ எண்டு பாத்தவர். வெளியிலை இப்ப நல்ல உறைபனி. தபால் பெட்டி றோட்டு முடக்கிலை இருக்கு. நான் கோட்டும் சப்பாத்தும் போட்டிட்டன். இந்தக் கடிதம் உன்ரை கைக்கு வந்து சேர்ந்தால், அக்கா நடந்திட்டா எண்டு விளங்கிக்கொள்.