வீச்சண்ணனின் புருவத்து மாவு

கொல்லிமலையில் இரண்டு வருஷம் வங்கி வேலை பார்த்துவிட்டு, ஊரே பார்க்க வரும் அருவியை ஒருமுறைகூடப் பார்க்காமல் இறங்கி வந்தவன் நான். காரணம் வீச்சண்ணன். அவருடைய பரோட்டா தின்ற வயிற்றோடு அருவிப் படிகளில் இறங்கலாம், ஏற முடியாது.

உலகத்தில் அவரைப்போல் பரோட்டா வீசியவர் இல்லை. அவரைப்போல் சந்தேகப்பட்டவரும் இல்லை. பேசும்போதுகூடக் கைகள் காற்றில் மாவு வீசும். கேட்பவர் தள்ளி நிற்பது மூக்குக்கு நல்லது.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயம். அவருடைய ஆறு வயது மகள் பொன்னிக்கு வயிறு உப்பி, கைகால் குச்சியாகி, வளர்த்தி நின்றுபோனது. சேலத்து டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, சீலியாக் என்றார். கோதுமை, மைதா உள்ளே போனால் குடல் கெடும் நோய். ரத்தத்தில் எதிர்ப்பொருள் எக்கச்சக்கம். "கோதுமைய அடியோட நிறுத்துங்க. இந்த அளவு இறங்க இறங்க, குடல் ஆறுதுன்னு அர்த்தம்."

அன்றே கடைவீதிக்குக் கெட்ட காலம் பிறந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளின் வாயை முகர்ந்து பார்ப்பார். பிரசாதத்தில் ரவை உண்டா என்று பூசாரியைக் குறுக்கு விசாரணை செய்தார். நானும் தப்பவில்லை.

"ஏனுங்க மேனேஜரு, பாக்கெட்ல என்னமோ மொறுமொறுங்குது?"

"செக் புஸ்தகம்ணே."

"எடுத்துக் காட்டுங்க."

காட்டினேன். நான் வெறும் குமாஸ்தா என்பதை மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

சில மாதத்தில் அளவு கொஞ்சம் இறங்கியது. பிறகு அப்படியே நின்றது. ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்ல அப்பா, மகளோடு நானும் சேலம் போனேன்.

"எவனோ எம்புள்ளைக்குத் திருட்டுத்தனமாக் குடுக்கறானுங்கம்மா! கையில கெடைச்சா வீசிப்போடுவேன்!" கைகள் வீசின.

டாக்டரம்மா அவர் புருவத்தையே பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

"என்ன தொழில் பண்றீங்க?"

"வெவசாயமுங்க."

முதல் நாளும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். பரோட்டா மாஸ்டர் என்றால் ஆஸ்பத்திரியில் மரியாதை இருக்காதாம்.

"பொய்யிங்க," என்றாள் பொன்னி. "அப்பா பரோட்டா மாஸ்டருங்க. கடையில இருந்து ஓடியாந்து எனக்குச் சாமைச் சோறு ஊட்டுவாருங்க."

வீசிய கை அந்தரத்தில் நின்றது. நான் அதுவரை பார்க்காத காட்சி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண் எல்லாம் மைதா. திருடன் கையில் கிடைத்துவிட்டான்.

மறுநாள் கடையில் பரோட்டா இல்லை; புதுக் கல், சாமை தோசை. ஓரம் கருகும், நடுவே வேகாது, எடுத்தால் விண்டுபோகும். லாரிக்காரர்கள் அழாத குறை. அடுத்தடுத்த பரிசோதனைகளில் எதிர்ப்பொருள் இறங்கி, ஒருநாள் சரியான அளவுக்கு வந்தது. வீச்சண்ணன் மலைவாழைப்பழத் தாரோடு கடைவீதி முழுக்க மன்னிப்புக் கேட்டுப் போனார். என் சட்டைப்பையில் அவரே ஒரு பழத்தைச் செருகினார்.

அதன்பிறகு எத்தனையோ ஊரில் பரோட்டா தின்றுவிட்டேன். ஒவ்வொரு முறையும், மலைப்பனியில் கல்லின்மேல் மாவு அறையும் அந்தச் சத்தத்துக்குக் காது ஏங்குகிறது. வயிறு நிறைகிறது, காது நிறைவதில்லை.

சில வருஷம் கழித்து மறுபடி மலையேறியபோது வாசலூர்பட்டி ஏரிக்கரையில் பொன்னியைப் பார்த்தேன். என் தோளுக்கு வளர்ந்திருந்தாள்.

"உனக்காக உங்கப்பா அப்பேர்ப்பட்ட கைவேலையவே விட்டாரு, கண்ணு."

"அதெல்லாஞ் சரிங்க மாமா," என்றாள். "அந்தத் தோசையத் தெனமும் திங்கறது நானுங்க."