தடிக்குப் பொருத்தம் பார்த்த சித்தர்

லண்டன் வெம்பிளியில் புதிதாக ஒரு சித்தர் தோன்றியிருந்தார். நோய் தீர்க்கிற சித்தர் அல்ல, பேய் ஓட்டுகிறவரும் அல்ல. அந்தத் தொழில்களில் ஏற்கெனவே நெரிசல். இவர் தூண்டில் சித்தர். மீன்பிடிக்கிற தடிக்கும் அதைப் பிடிக்கிற ஆளுக்கும் சாதகப் பொருத்தம் பார்ப்பவர்.

சனிக்கிழமை காலை, பலசரக்குக் கடைக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் நிற்க இடமில்லை. கணக்காளர், பல் டாக்குத்தர், பெற்றோல் ஷெட் முதலாளி. எல்லோருக்கும் ஒரு கையில் தடி, மறு கையில் சாதகக் குறிப்பு. கோடை முழுக்கக் கால்வாய்க் கரையில் நின்றும் ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. எறியத் தெரியவில்லை என்று எந்த ஆண்பிள்ளை ஒப்புக்கொள்வான்? சனி பார்க்கிறார் என்றால் கௌரவமாக இருக்கிறது.

வரிசையில் யனுஷனும் நின்றான். லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பார்சல் கிடங்கில் கூட வேலை செய்கிற பெடியள் முதன்முறையாக அவனையும் கூப்பிட்டிருந்தார்கள்: ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்க வா, கிராங்க்பெயிற் போடுவோம் என்று. அது பிளாஸ்டிக் குட்டி மீன். வயிற்றுக்குள் சின்ன இரும்புக் குண்டுகள், அடியில் மும்முனைக் கொக்கிகள். இழுத்தால் கிலுகிலுவென்று நீந்தும், பெரிய மீன் இரையென்று கவ்வும். அதற்காக யனுஷன் இருபத்தைந்து பவுணுக்கு ஒரு ஸ்பின்னிங் தடி வாங்கியிருந்தான். வாங்கியதிலிருந்து நித்திரையில்லை. மலிவான தடி முறிந்து, பெடியள் சிரித்து, பிறகு கூப்பிடாமலே விட்டுவிட்டால்?

"ரச்சுப் பொருத்தம் பாக்காமல் தண்ணிக்கை போடாதை மருமோன். நைலோன் நூல் அறும்" என்று மாமா குகநாதன்தான் இழுத்துக்கொண்டு வந்தார்.

மாமாவின் மகள் கஜந்தினி முறுக்குக் கடித்தபடி பின்னால் வந்தாள். "தடிக்கு என்னப்பா நட்சத்திரம்? தொழிற்சாலையிலை பிறந்த நேரம் ஆர் குறிச்சது?"

"வாயை மூடு பிள்ளை."

வாரம் தவறாமல் கால்வாயில் மீன் பிடிக்கிறவள் அவள் ஒருத்திதான். அவளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சித்தரின் இயற்பெயர் கிருஷ்ணராசா. முன்பு ரெலிபோன் கார்ட் விற்றவர். கார்ட் வியாபாரம் படுத்தது, தாடி எழுந்தது. அகலக் கை வைத்த பட்டு ஜிப்பாவுடன் வீற்றிருந்தார்.

"என்ன நட்சத்திரம் தம்பி?"

"ஆயிலியம் சாமி."

கூட்டம் "உச்" கொட்டியது. சித்தர் யனுஷனின் தடியை வலக்கையால் எடுத்துக் காதருகே ஆட்டினார். சத்தமில்லை.

"பேசுதில்லை."

பிறகு தன்னுடைய கறுப்புத் தடியை இடக்கையால் எடுத்து ஆட்டினார். கிலுகிலு, கிலுகிலு. மண்டபம் சிலிர்த்தது. பல் டாக்குத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கேட்டனியளோ? மச்ச சக்தி. இந்தத் தடிக்கு முந்நூறு பவுண் காணிக்கை. உன்ரை தடியோடை தண்ணிக்குப் போனியோ, நைலோன் மட்டுமில்லைத் தம்பி, விசாவும் அறும்."

யனுஷனின் பொக்கற்றில் திங்கட்கிழமை கட்டவேண்டிய அறை வாடகை இருந்தது. கை தானாக உள்ளே போனது.

"பொறு யனு," என்றாள் கஜந்தினி. "சாமி, ரெண்டு தடியையும் ஒருக்காக் கை மாத்திப் பிடிச்சு ஆட்டுங்கோவன்."

"சக்திக்கு வலக்கை இடக்கை இல்லைப் பிள்ளை."

"அப்ப எந்தக் கையாலை ஆட்டினாலும் ஒண்டுதானே."

சித்தர் கண்ணை மூடித் தியானத்தில் ஒளியப் பார்த்தார். அவரை மாட்டிவிட்டவர் அவருடைய பரம பக்தர்தான். "அவளுக்கும் காட்டிவிடுங்கோ சாமி, வாயடைக்கட்டும்" என்றார் பல் டாக்குத்தர்.

கறுப்புத் தடி வலக்கைக்குப் போனது. ஆட்டினார். ஊமை. மலிவுத் தடியை இடக்கையில் பச்சைக் குழந்தையைப் போல ஏந்தினார்.

"முந்தி ஆட்டின மாதிரி ஆட்டுங்கோ சாமி."

கிலுகிலு.

"சின்னத் தடிக்கும் சக்தி இறங்கிட்டுது" என்று யாரோ கும்பிட்டார்.

"இனித் தடியில்லாமல் ஆட்டுங்கோ."

"அபச்சாரம்" என்று சித்தர் கையை உயர்த்தினார். கிலுகிலு. "அமைதி" என்றார். கிலுகிலு. கையைக் கீழே போட்டார். அதற்கும் கிலுகிலு. பதறிப்போய்த் தாடியைத் தடவினார், அவ்வளவுதான். ஜிப்பாக் கைக்குள் ஒட்டியிருந்த நீலக் கிராங்க்பெயிற்றின் கொக்கி பட்டைக் கிழித்துக்கொண்டு வந்து தாடியில் மாட்டியது. கை தாடியோடு, தாடி கையோடு. கொக்கியைக் கழற்றிவிட்டு ஒளிக்கவேண்டும் என்பது ஒருநாளாவது மீன் பிடித்தவனுக்குத் தெரியும். சித்தர் பிடித்தது மனிதர்களை மட்டுமே.

யனுஷன் முதலில் விக்கினான், பிறகு சிரித்தான். லண்டனுக்கு வந்தபிறகு இப்படிச் சிரித்ததில்லை.

கஜந்தினி கறுப்புத் தடியை வளைத்துப் பார்த்தாள். "விளக்குமாத்துக் கட்டை. மீன் உதறேக்கை முனை வளைஞ்சு குடுக்கோணும். இல்லாட்டிக் கொக்கி கழண்டிடும். உன்ரை தடி நல்லா வளையுது பார். கிராங்க்பெயிற்றுக்கு இது காணும்."

வாடகை பொக்கற்றிலேயே இருக்க, யனுஷன் தன் தடியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான்.

உள்ளே மாமா பல் டாக்குத்தரிடம் குசுகுசுத்துக்கொண்டிருந்தார். "இவன் கள்ளன். ஈஸ்ட் ஹாமிலை ஒருத்தர் இருக்கிறாராம், அவர் அசல்." பாதி வரிசை விலாசம் கேட்டது.

கால்வாய் மீனுக்குச் சுண்டங்காயளவுகூட மூளையில்லை. ஆனாலும் ஒருமுறை கொக்கி குத்தினால், அடுத்த பிளாஸ்டிக் மீனைக் கண்டதும் கொஞ்சம் நின்று யோசிக்கும். பட்டம் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற ஐயாமாரே, நீங்கள் எப்போது?