வேகன் டீச்சரின் மேற்குத் திசை

அமெரிக்காவை முழுசாகச் சுற்றிப் பார்க்க விசாவும் வேண்டாம், விமான டிக்கெட்டும் வேண்டாம், துபாய் கராமாவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு வந்தால் போதும் என்று நிரூபித்த ஒரே மனுஷி வேகன் டீச்சர்தான். கொலம்பஸாவது வழி தப்பி எங்கெங்கோ சுற்றினார். டீச்சருக்கு லிஃப்ட் ரிப்பேரானால் மட்டும்தான் பிரச்சினை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கட்டடத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

என் மகள் யாழினிக்கு இந்தியப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்தது அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளி. ஒரு சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்து சாக்ஸைக்கூடக் கழற்றவில்லை, "அப்பா, பயனியர்ஸ் எதுக்கு வெஸ்ட்டுக்குப் போனாங்க?" என்று வந்து நின்றாள். நான் மதுரைக்காரன். அமெரிக்காக்காரன் அவன் நாட்டுக்குள்ளேயே மேற்கே போனால் எனக்கென்ன, கிழக்கே போனால் எனக்கென்ன?

"வேலை கெடைச்சிருக்கும்" என்றேன்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க" என்ற என் மனைவி, பிள்ளையைக் கையோடு மூன்றாவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டீச்சர் திருநெல்வேலிப் பக்கம். பகலில் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை, சாயங்காலம் டியூஷன். மலையாள நர்ஸ்கள் இருந்த ஃபிளாட்டில் ஒரு ரூம் மட்டும் அவருடையது. அதில் கட்டில் போட்டால் டீச்சர் நிற்க இடமில்லை, டீச்சர் நின்றால் கட்டில் போட இடமில்லை. அதனால் வகுப்பு காரிடாரில் நடந்தது. லிஃப்ட் அட்லாண்டிக் சமுத்திரம், தரைத்தளம் ஐரோப்பா. பிள்ளைகள் எல்லோரும் கீழே போய், லிஃப்ட்டில் நெருக்கிக்கொண்டு ஏறி, புயலில் ஆடுவது போல ஆடி, மூன்றாவது மாடியில் இறங்கி "நிலம்! நிலம்!" என்று கத்த வேண்டும்.

முதல் நாள் அப்படிக் கத்தியதும் கடைசி வீட்டுக் குஜராத்தி அம்மாள் கதவைத் திறந்து, சப்பாத்திக் கட்டையோடு, "கௌன் ஹை?" என்று அதட்டினார். பிள்ளைகள் வெலவெலத்துப்போனார்கள். டீச்சருக்கோ பரம சந்தோஷம்.

"பாத்தியளா? இங்க ஏற்கெனவே ஆளு குடியிருக்காவ. நாமதான் இந்த எடத்தைக் கண்டுபிடிச்சோம்னு சொன்னா அவியளுக்குக் கோவம் வருமா, வராதா?"

"வரும் டீச்சர்!"

"அதான் பாடம். எழுதிக்கோ."

அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றி அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குஜராத்தி அம்மாளுக்கு விஷயம் புரிந்ததும் அவரே ஆர்வமாகிவிட்டார். லிஃப்ட் சத்தம் கேட்டால் போதும், கட்டையோடு தயாராக நிற்பார்.

அடுத்தது வேகன். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாக மேற்கே குடிபெயர்ந்தவர்கள் ஓட்டிப்போன மாட்டு வண்டி அது. மேலே வெள்ளைத் துணியில் கூரை இருக்கும். டீச்சர், யாரோ லாபியில் விட்டுப்போன சூப்பர்மார்க்கெட் ட்ராலியைப் பிடித்து, துணி மாட்டும் ஹேங்கர்களை வளைத்துக் கட்டி, மேலே பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டார். வாட்ச்மேன் பாய் தினமும் வந்து, "மேடம், ட்ராலி வாபஸ் கரோ" என்பார். "கல், பாய், கல்" என்பார் டீச்சர். அந்த 'நாளை' வரவே இல்லை.

வண்டியில் என்ன ஏற்றுவது என்பதுதான் பாடத்தின் உயிர். புத்தகத்தில் மாவு, உப்புக்கண்டம், கோடாலி என்று போட்டிருந்தது. டீச்சர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்குப் போகும்போது நாமெல்லாம் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்ப்போமே, அந்தக் கொக்கித் தராசைக் கதவில் மாட்டினார். முப்பது கிலோ, அதற்கு மேல் ஒரு கிராம் கூடாது. பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்து அரிசி, பால் பவுடர், தைலம், கம்பளி என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு பையன் வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்தான்.

"ஏலே, வழியில மலை இருக்கு. மாடு இழுக்காது. எறக்கி வையி."

"டீச்சர், எக்ஸ்ட்ரா பேகேஜுக்குக் காசு கட்டிக்கலாமே?"

"மாட்டுக்கிட்ட எவன்லே கட்டுவான்?"

இந்தப் பாடம் பிள்ளைகள் மனதில் எப்படிப் பதிந்தது என்பது பரீட்சையில் தெரிந்தது. பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு. வகுப்பாசிரியை ஓர் அமெரிக்கப் பெண்மணி. யாழினியின் விடைத்தாளை என் முன்னால் நகர்த்தினார். மேற்கே போனவர்கள் என்ன கொண்டுபோனார்கள்? 'முப்பது கிலோ லக்கேஜ், ஏழு கிலோ கைப்பை, தைலம்.' கொலம்பஸுக்கு உதவியது யார்? 'ஸ்பெயின் ராணிதான் அவருடைய கஃபீல். மூன்று கப்பல் கொடுத்து, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.'

கஃபீல் என்றால் யார் என்று கேட்டார் அந்த அம்மையார். வளைகுடாவில் ஒருவனுக்கு விசா கொடுத்து வேலைக்கு வைத்திருக்கும் அரபு முதலாளி என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு அந்தப் பதிலுக்கு அரை மார்க் போட்டார்.

ஓடி வந்து டீச்சரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"மிச்ச அரை மார்க்கு எங்க அண்ணாச்சி? சரியாத்தான எழுதியிருக்கா?"

வகுப்பு முடியும்போது தினமும் ஒரு கதை உண்டு. மேற்கே நிலம் தேடிப் போன ஒருவன், பாதி வழியில் மனைவியை ஒரு சின்ன ஊரில் விட்டுவிட்டு, "வீடு கெடைச்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று போய்விடுகிறான். அவள் காத்திருக்கிறாள். ஒரு நாள் ஆறு பெருகிவிடும், ஒரு நாள் மாடு படுத்துவிடும், ஒரு நாள் பனி. கதை மாதக்கணக்கில் ஓடியது. பிள்ளைகள் கேட்காத நாளே கிடையாது.

"டீச்சர், அவர் வந்துட்டாரா?"

"வந்துக்கிட்டே இருக்காவ."

இழுப்பதற்கும் ஓர் அளவு உண்டு என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டிகள் பசிபிக் கரையைப் போய்ச் சேர்ந்த பாடத்துக்காக, டீச்சர் எல்லோரையும் பஸ்ஸில் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். பிள்ளைகள் தண்ணீரில் குதித்தார்கள். டீச்சர் மட்டும் கையை நெற்றியில் வைத்து, கடலின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வகுப்பில் 'மேற்கு' என்று சொல்லும்போதெல்லாம் அந்தப் பக்கம்தான் கை நீளும்.

"அமெரிக்கா அந்தப் பக்கமா டீச்சர்?" என்று சும்மா சீண்டினேன்.

"மொதல்ல ஜுபைல், அண்ணாச்சி. அமெரிக்காவுக்கு இன்னும் கொஞ்சம் போவணும்."

அப்புறம்தான் சொன்னார். அவர் கணவர் சவூதியில், ஜுபைல் என்ற ஊரில் ஒரு பெட்ரோகெமிக்கல் பிளான்ட்டில் டெக்னீஷியன். கேம்ப் வாசம். குடும்பம் வைத்துக்கொள்ளக் கம்பெனி அனுமதி கொடுத்தால்தான் மனைவியைக் கூப்பிட முடியும். வருஷா வருஷம் "அடுத்த வருஷம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்திலாவது இருப்போமே என்று இவர் துபாயில் வேலை தேடி வந்துவிட்டார்.

"எனக்கு இந்தக் கோடையோட கான்ட்ராக்ட் முடியுது. அதுக்குள்ள அவியளுக்கு அனுமதி வரலைன்னா நான் ஊருக்குப் போவணும். அவிய அங்க, நான் ஊருல. இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே கடலாவது இருக்கு."

அன்றைக்குப் பிறகு அந்தக் கதை இழுக்கிறது என்று நான் முணுமுணுக்கவே இல்லை.

கோடை வந்தது. பள்ளி மூடினார்கள். டீச்சர் கொக்கித் தராசில் தன் பெட்டியையே தொங்கவிட்டு எடை பார்த்துக்கொண்டிருந்தார், திருநெல்வேலிக்கு. காரிடாரில் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது வாட்ச்மேன் பாய் லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியேறி மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மேடம்! நீச்சே வேகன் ஆயா!"

கீழே வேகன் வந்திருக்கிறதாம். நாங்கள் எல்லோரும் ஓடினோம். வாசலில் ஒரு பிக்கப் நின்றது. சவூதி நம்பர். சாமான்மேல் மணல் விழாமல் இருக்கக் கம்பிகளை வில் போல வளைத்து, மேலே வெள்ளைத் தார்ப்பாய் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒல்லியாக ஒரு மனிதர், ராத்திரி பூராவும் வண்டி ஓட்டிய கண்ணோடு, கையில் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"கம்பெனியில ஃபேமிலி ஸ்டேட்டஸ் குடுத்துட்டான், விசாவும் வந்திருச்சு" என்றார். "போன்ல சொன்னா நீ நம்ப மாட்டேன்னுதான், ஃபிரண்டு வண்டிய வாங்கிட்டு நேரா வந்துட்டேன்."

டீச்சர் வாசல் படியிலேயே நின்று, தார்ப்பாய் கட்டிய கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். யாழினிதான் முன்னால் போய், அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் இவ்ளோ லேட்டு? மாடு படுத்துருச்சா?"

"இல்லம்மா, பார்டர்ல லைன்" என்றார் பாவம், ஒன்றும் புரியாமல்.

பிள்ளைகள் ஒருவர் விடாமல் சாமான் ஏற்றினார்கள். எடை பார்க்காமல் எதையும் விடவில்லை. அரிசி, தைலம், கம்பளி எல்லாம் போனது. குஜராத்தி அம்மாள் சப்பாத்திப் பொட்டலத்தோடு வந்து அழுதார். வாட்ச்மேன் பாய் மட்டும் ஹேங்கரும் பெட்ஷீட்டுமாக இருந்த ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போய், யாருக்கும் தெரியாமல் பேஸ்மென்ட்டில் ஒளித்து வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. வாபஸ் கொடுக்க அவருக்கே மனம் வரவில்லை.

யாழினிக்கு இப்போது பாடம் எகிப்து. பிரமிடு பற்றிக் கேட்கிறாள். போய்க் கேட்க மூன்றாவது மாடியில் ஆளில்லை. சில சாயங்காலம் நானும் யாழினியும் ஏறிப் போகும்போது, யாரும் பட்டனை அழுத்தாமலே லிஃப்ட் அந்த மாடியில் நிற்கிறது. கதவு திறக்கிறது. வெறும் காரிடார். குஜராத்தி அம்மாளும் ஒருமுறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் கண்டு மெல்ல மூடிக்கொண்டார்.

"டீச்சர் எப்பப்பா வருவாங்க?" என்று யாழினி கேட்டாள்.

ஜுபைலில் வீடு, அடுப்பு, கணவர் என்று நிம்மதியாக இருக்கிறார். அங்கிருந்து எதற்குத் திரும்பி வரப்போகிறார்? வரவும் வேண்டாம். எனக்கு அது தெரியும். ஆனாலும் லிஃப்ட் கதவு மூடுவதற்குள், மதுரைக்காரன் வாயிலிருந்து திருநெல்வேலித் தமிழ்தான் வந்தது:

"வந்துக்கிட்டே இருக்காவ."