நவுத்தக்கா அளவு கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

திண்டிவனத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில், நவுத்தக்கா இடம் மாற்றாதவை இரண்டுதான். ஒன்று, மாரியம்மன் கோயில். இன்னொன்று, என் மாமனாரின் சாய்வு நாற்காலி. கோயிலை விட்டு வைத்ததற்குக் காரணம் பக்தி. நாற்காலியை விட்டு வைத்ததற்குக் காரணம், அதில் எப்போதும் என் மாமனார் இருந்தது.

பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும், வா என்று சொல்வதற்குள் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்துவிடுவார். "இந்த பீரோ ஏன் இங்க குந்திக்கினு இருக்குது? கொஞ்சம் நவுத்து" என்பார். அந்தச் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. அவர் வந்தது கறிவேப்பிலை கேட்கத்தான். ஆனால் போகும்போது பீரோ கிழக்குச் சுவரில் இருக்கும், கட்டில் ஜன்னலுக்குக் கீழே இருக்கும், கறிவேப்பிலையை மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்.

தனியாகத் தள்ளுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அந்த நேரத்தில் அந்த வீட்டில் யார் இருந்தாலும் ஒரு முனையைப் பிடித்தாக வேண்டும். கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர் ஒருமுறை எதிர்வீட்டுக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்கு இன்னும் நாலு தெரு பாக்கி இருக்குது" என்று கெஞ்சிக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் வேலை முடிந்து வந்தார். உள்ளே பார்த்ததும், மன்னிச்சிக்கோங்க என்று சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பிவிட்டார். அவர் மனைவிதான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, இது நம்ம வீடுதான் என்று உள்ளே கூட்டி வந்தார்.

தெருமுனை கிளினிக்கையும் அவர் விடவில்லை. டாக்டர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், காத்திருந்த நோயாளிகளை வைத்து மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டார். திரும்பி வந்த டாக்டர் பழக்க தோஷத்தில் பழைய இடத்தில் உட்கார்ந்தார். அது இப்போது நோயாளி உட்காரும் ஸ்டூல். எதிரே டாக்டர் நாற்காலியில் இருந்த நவுத்தக்கா, "இப்ப காத்து வருதா, பாருங்க" என்றார். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வருகிறது என்றார். அந்த மேஜை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

என் மாமனாரிடம் மட்டும் அவர் ஜம்பம் பலிக்கவில்லை. மாமனாருக்கு முழங்கால் வலி. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். "நான் போனப்புறம் நவுத்திக்கோம்மா" என்பார். நவுத்தக்கா பெருமூச்சு விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் செருப்பு ஸ்டாண்டையாவது ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுப் போவார்.

என் தொழிலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். எங்கள் வீட்டில் சாமான் அடைந்த ஒரு சின்ன அறையை விட்டால் ஒரே ஹால். மெஷினும் அங்கேதான், டிவியும் அங்கேதான், மாமனாரும் அங்கேதான். அளவு ஜாக்கெட் கொண்டு வருகிறவர்களால் தொல்லை இல்லை. உடம்பில் அளவு எடுக்க வேண்டியவர்கள் வந்தால், நான் இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஹால் நடுவில் நிற்பேன். அதுதான் சைகை. என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய் பைக்கைத் துடைக்க ஆரம்பிப்பார். மாமனாரால் எழ முடியாது. அதனால் அவரை நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவோம். சுவரில் தினசரி காலண்டர் மாட்டியிருந்தது. என் வாடிக்கைக்காரர்கள் புண்ணியத்தில் ராகுகாலம், எமகண்டம், முகூர்த்த நாள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மயிலத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண், அம்மா, சித்தி என்று கூட்டமாக வந்தார்கள். நல்ல பெரிய ஆர்டர். எல்லாம் முறைப்படி நடந்தது. பைக் துடைக்கப்பட்டது, நாற்காலி திருப்பப்பட்டது. நான் அந்தப் பெண்ணின் தோளில் டேப்பை வைத்த நேரம், சுவரைப் பார்த்தபடியே மாமனார், "கல்யாணம் என்னைக்கு வெச்சிருக்கீங்க? பதினாலாந்தேதி முகூர்த்தம் நல்லா இருக்குது" என்றார். நல்ல மனசில் சொன்னதுதான். ஆனால் அந்தப் பெண் சட்டென்று புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்புறம் வருகிறோம் என்று போனவர்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம் கதவு வைத்த கடையில் தைக்கக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் பேச்சைக் கேட்டு மேலும் சிலர் அந்தப் பக்கம் போனார்கள். ஆடி மாசம் முடிந்து ஆவணி வந்தும் என் மெஷின் பாதி நாள் மூடியே கிடந்தது.

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அளவு எடுக்க மறைவாக ஓர் இடம். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. சொன்னால் மாமனாரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். பொதுவாகவே எனக்கு வாய் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

வீடு பழசாகத் தெரிவதால்தான் ஆள் வருவதில்லை என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். விழுப்புரத்தில் அவர் தம்பி வீட்டை ஓர் இன்டீரியர் டெக்கரேட்டர் மாளிகை மாதிரி ஆக்கியிருந்தார். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். இது நவுத்தக்கா காதுக்குப் போனது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி சென்னையில் படித்துவிட்டு வந்து இன்டீரியர் டிசைனராக இருந்தாள். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே நேரத்துக்கு, நவுத்தக்கா அவளைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா? பேருதான் வேற" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவரு இருக்கற வூட்டுக்குப் பவுடர் போடறவரு. இது, வூட்டையே எழுப்பி வேற பக்கம் குந்த வைக்கற பொண்ணு. எது வேணும்னு நீ முடிவு பண்ணு" என்றார் நவுத்தக்கா. சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் நாற்காலியை எதிரெதிராக நவுத்திப் போட்டார்.

டெக்கரேட்டர் நல்ல வாசனையோடு வந்திருந்தார். கையில் வால்பேப்பர் ஆல்பம். வந்ததும் மேலேதான் பார்த்தார். சீலிங் போட்டு நீல லைட்டு கொடுத்துவிடலாம், இந்தச் சுவரில் தங்கக் கொடி ஓடவிடலாம் என்றார். டிசைனர் பெண் கீழே பார்த்தாள், சுவரைத் தட்டிப் பார்த்தாள். சமையலறைச் சுவரை எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே ஹாலாகி வெளிச்சமும் காற்றும் வரும் என்றாள். எனக்கோ, இருக்கிற ஒரு சுவரும் போய்விடும் போல இருந்தது. இருவரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தே பேசினார்கள். அவரும் நீதிபதி மாதிரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டார். நான் டீ தட்டோடு சமையலறை வாசலில் நின்றேன்.

நவுத்தக்கா டீயை ஒரே மூச்சில் குடித்தார். எழுந்து ஹால் நடுவில் வந்து நின்றார். இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கினார்.

"தங்கச்சி, எனக்கு ஒரு ஜாக்கெட்டுக்கு அளவு எடு."

நான் திகைத்துப் போனேன். அத்தனை வருஷத்தில் அவர் எனக்கு உடம்பு அளவு கொடுத்ததே இல்லை. ஒரு நிமிஷம் அசையாமல் நிற்பது அவரால் ஆகாத காரியம் என்பதால், அளவு ஜாக்கெட்டை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போகிறவர். இருந்தாலும் கை தானாகப் போய் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டது.

பிறகு நடந்ததெல்லாம் பழக்கம். என் வீட்டுக்காரர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போனார். அவர் ஏன் போகிறார் என்று தெரியாமலே டெக்கரேட்டரும் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். நவுத்தக்கா கையை இறக்கி, மாமனாரை நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு வந்து மறுபடி கையைத் தூக்கிக்கொண்டார். டிசைனர் பெண் மட்டும் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டெய்லி இப்படித்தானா?" என்று கேட்டாள்.

வெளியே டெக்கரேட்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது போலிருக்கிறது. ஜன்னல் வழியாக அவர் குரல் வந்தது. "மேடம், அதுக்கென்ன, ஒரு ஸ்கிரீன் போட்டுடலாம். மெரூன் கலர்ல, ரிங்கு வெச்சு."

அப்போதுதான் என் மாமனார் காலண்டரைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார். "ஸ்கிரீனு போட்டா எனக்குக் காது கேக்காமப் பூடுமா? எத்தினி வருசமா இந்தச் செவுத்தையே பாத்துக்கினு இருக்கறது? எனக்கும் கூச்சமா இருக்காதாப்பா?"

கூச்சம் எனக்கும் என் வாடிக்கைக்காரர்களுக்கும் மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டிசைனர் பெண் என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்களுக்கு என்ன வேணும்? நீங்க சொல்லுங்க" என்றாள்.

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் எங்கள் தெருவில் நவுத்தக்காதான் பதில் சொல்வார். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிடுவார். அன்றைக்குச் சொல்லவில்லை. தூக்கிய கை வலித்திருக்கும், இறக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு கதவு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெளியே நிற்கிறவருக்கும் கேட்க வேண்டுமே என்று இன்னொரு தரம் சொன்னேன். "எனக்கு ஒரு கதவு வேணும். உள்ள தாப்பா போடற கதவு."

பைக் துடைக்கும் சத்தம் நின்றது.

சமையலறைச் சுவரை எடுக்கும் பேச்சை டிசைனர் அத்தோடு விட்டாள். வெளியூரில் வேர்க்கடலை என்பார்களே, அந்த மல்லாட்டை மூட்டையும் பழைய பாத்திரமும் அடைந்து கிடந்த பக்கத்து அறையைப் போய்ப் பார்த்தாள். அதன் சுவரை ஹாலுக்குள் கொஞ்சம் தள்ளிக் கட்டி, சந்துப் பக்கம் ஒரு வாசல் வைத்தால் தைக்க, அளவு எடுக்க எல்லாம் அங்கேயே ஆகிவிடும் என்று தரையில் கோடு போட்டுக் காட்டினாள். டெக்கரேட்டரும் பெரிய மனுஷர்தான். "செவுத்துல கை வெக்கறது என் வேலை இல்ல சார். அந்தம்மா முடிக்கட்டும். அப்புறம் கூப்பிடுங்க, வந்து அழகு பண்ணித் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி வந்தார். ஆள் உயரக் கண்ணாடியும், துணியின் நிறத்தை மாற்றிக் காட்டாத வெள்ளை லைட்டும் அவர் தேர்ந்தெடுத்தவைதான். நீல லைட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

நடுவில் ஒரு சண்டை. கொத்தனார் வருவதற்கு முன்னால் நவுத்தக்கா தரையில் இருந்த கோட்டை அழித்து, ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டார். டிசைனர் வந்து பார்த்தாள். துடைப்பத்தை எடுத்து அதை அழித்துவிட்டு, பழைய இடத்திலேயே கோடு போட்டாள். "பீரோன்னா நீங்க நவுத்தலாம் அக்கா. செவுரு பீமுக்கு அடியிலதான் நிக்கணும்" என்றாள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நவுத்தக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். அன்று முழுக்க வீடு வீடாகப் போய், "நான் நவுத்தினதைத் திருப்பி நவுத்தின ஒரே ஆளு, நம்மூருப் பொண்ணு" என்று, ஏதோ அவளைப் பெற்றவர் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார்.

கார்த்திகையில் அறை முடிந்தது. என் மாமனாரின் நாற்காலி அதற்குப் பிறகு சுவரைப் பார்க்கவே இல்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. போகிற வருகிற எல்லோருக்கும் முகூர்த்த நாள் சொல்கிறார். மயிலம் பெண்ணின் தங்கைக்குக் கல்யாணம் வந்தபோது என்னிடம்தான் தைத்தார்கள். கெடாரிலிருந்தும் முகையூரிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். இப்போது மூன்று பெண்கள் என்னிடம் தையல் பழகுகிறார்கள். அவர்களுக்குச் சத்தமாகவே சொல்லிக் கொடுக்கிறேன்.

நவுத்தக்கா இப்போது எங்கள் தெருவில் இல்லை. விழுப்புரத்தில் மகளோடு இருக்கிறார். அது புது அபார்ட்மென்ட். பீரோ, கட்டில், அலமாரி எல்லாமே சுவரோடு சேர்த்து அடித்தது. அங்கே அவர் எப்படி இருக்கிறாரோ என்று நாங்கள் எல்லோரும் பயந்தோம். பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கட்டடத்தில் பைக்குகள் எல்லாம் இப்போது வேறு பக்கம் நிற்பதாகக் கேள்வி.

விழுப்புரத்தில் தையல் கடைக்கா பஞ்சம்? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பஸ் ஏறி இங்கேதான் வருகிறார், கையில் துணி மட்டும். அளவு ஜாக்கெட் கொண்டு வருவதில்லை. நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறேன். அவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அவருடைய தோள், இடுப்பு, கை நீளம் எல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தரமும் முதலில் இருந்து, மெதுவாக எடுக்கிறேன்.